பூஜையில் வைத்த லேப்டாப்

செப்டம்பர் 28, சனி

இந்த டைரி நயினார் கடையில் விற்காமல் கிடந்தது. வருஷமே முடியப்போகிறது, இனி இதை எவன் வாங்குவான்? நான் எடுத்துக்கொண்டேன். நயினார் என் வீட்டுக்காரர். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வீட்டில் நானும் அவரும் அவருடைய அம்மாவான அத்தையும் மூன்றே பேர்.

இன்று பெருமாள்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போன் செய்தேன். அனுபவம் உள்ளவர்கள் வேண்டும் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். பேசியவர் ஜெபசிங் என்று ஒருவர். நேரே விஷயத்துக்கு வந்தார்.

"சர்டிபிகேட் எல்லாம் அப்புறம் பாக்கலாம்மா. உங்க சொந்த மெஷின்ல நீங்களே சர்வர் செட் பண்ணி, ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தேதி பதிவு பண்ணுத மாதிரி ஒரு புரோகிராம் எழுதிட்டு வாங்க. ஒரே தேதிய ரெண்டு பேருக்குக் குடுக்கக்கூடாது. அவ்வளவுதான். எங்க முன்னால ஓடணும், நாங்க கேக்கிற மாத்தத்த அங்கனயே செய்யணும். அக்டோபர் பன்னெண்டு, காலைல பத்து மணி."

"அன்னைக்கு விஜயதசமில்லா சார்?"

"எங்களுக்கு வெளிநாட்டு வேலை, லீவு கெடையாது. உங்களுக்கு நல்ல நாள்தானே?"

நல்ல நாள்தான். பதினான்கு நாள் இருக்கிறது. சென்னையில் மூன்று வருஷம் இதே வேலை பார்த்தவள் நான். சுண்டைக்காய் வேலை. நடுவில் பன்னிரண்டு வருஷம் போய்விட்டது என்றாலும் நீச்சல் மறந்து போகுமா?

வேலையை ஏன் விட்டேன் என்று இங்கே எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. கல்யாணம் ஆயிற்று, நின்றேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

அக்கா தென்காசியிலிருந்து கூப்பிட்டாள். ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் குரல் அடுத்த தெரு வரைக்கும் கேட்டது.

"ஏட்டி, இப்பவாது மனசு வந்துச்சே உன் வீட்டுக்காரருக்கு! படிச்ச புள்ளைய பன்னெண்டு வருசம் அடுப்பாங்கரைல உக்கார வச்சுட்டு, இப்ப என்ன திடீர் ஞானோதயம்?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து கடைக்கு வந்த பேப்பர் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். நான் பேச்சை மாற்றி, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்டேன்.

மத்தியானம் மென்பொருளை இறக்கினேன். அந்தக் காலத்தில் ஒவ்வொன்றாகப் போட்டு ஒட்ட வேண்டும். இப்போது அப்பாச்சி, பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் மூன்றும் ஒரே மூட்டையாக வருகிறது. ஒன்று வருகிறவர்களுக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுப்பது, ஒன்று கணக்குப் பார்ப்பது, ஒன்று விவரத்தைப் பத்திரமாக வைப்பது. மூன்றும் நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப்புக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். கேட்பவளும் நானே, எடுத்துக் கொடுப்பவளும் நானே.

அக்டோபர் 1, செவ்வாய்

அப்பாச்சி கிளம்ப மாட்டேன் என்கிறது. பொத்தானை அழுத்தினால் பச்சை காட்டுகிறது, மறு நொடி சிவப்பு. இரண்டு நாளாக இதே கூத்து. இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி, பெட்டி மக்கர் பண்ணுதா?"

"ஒண்ணுமில்ல அத்தை, நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டேன். சர்வர் உட்கார வேண்டிய எண்பதாம் எண் வாசலில் வேறொரு புரோகிராம் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. முன்பு இந்த லேப்டாப்பை வைத்திருந்தவர் போட்டது போலிருக்கிறது. அதோடு மல்லுக்கு நிற்பானேன்? அமைப்புக் கோப்பைத் திறந்து 80 என்பதை 8080 என்று மாற்றினேன். பச்சை. பச்சையாகவே நின்றது. நான் யாரு!

அக்டோபர் 2, புதன்

முதல் பக்கம் வந்துவிட்டது. மேலே 'மண்டபப் பதிவு' என்று தலைப்பு, கீழே பெயர், தேதி, 'பதிவு செய்க' என்று ஒரு பொத்தான். பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை. முகவரியை அப்படியே காப்பி எடுத்து அவர் போனுக்கு அனுப்பினேன். லோக்கல்ஹோஸ்ட், 8080, மண்டபம். கடையிலிருந்து உடனே போன் வந்தது.

"பாத்தேன். சூப்பரா இருக்கு வடிவு. கலரெல்லாம் பளிச்சுனு இருக்கு."

இரண்டு தோசை கூடப் போட்டேன் இன்று.

அக்டோபர் 5, சனி

டேட்டாபேஸ் வேலை முடிந்தது. பெயரும் தேதியும் போட்டால் உள்ளே போய் உட்கார்கிறது. ஏற்கெனவே எடுத்த தேதியைக் கேட்டால் 'இந்தத் தேதி பதிவாகிவிட்டது' என்று சிவப்பில் சொல்கிறது. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் எல்லாவற்றையும் ஊரில் உள்ள சொந்தக்காரர் பெயரில் போட்டு வைத்தேன். கல்யாணம் ஆகாத சித்தப்பாவுக்குக்கூட இரண்டு.

மத்தியானம் துணி காயப்போடும்போது ஒன்று உறைத்தது. லோக்கல்ஹோஸ்ட் என்றால் இந்த மெஷின் என்றுதான் அர்த்தம். அந்த முகவரி என் லேப்டாப்பில் மட்டுந்தான் திறக்கும். அவர் கடையில், அவர் போனில், எந்த ஜென்மத்திலும் திறக்காது. சென்னையில் ஒரு புதுப் பெண் இப்படி அனுப்பியதற்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

அப்புறம் எந்தக் கலர் பளிச்சென்று இருந்ததாம்?

சாயங்காலம் அவர் வந்தார், காப்பி கொடுத்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்காகப் பொய் சொல்வது அவருக்குப் புதிதா என்ன?

இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

அக்டோபர் 7, திங்கள்

காலை பதினொரு மணிக்குப் பக்கம் வெள்ளையாக வந்தது. எர்ரர் இல்லை, எழுத்து இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை.

லேப்டாப்பை மூடிவிட்டு அடுக்களைக்குப் போய் ஒரு கிலோ சின்ன வெங்காயம் உரித்தேன். அத்தை வந்து பார்த்துவிட்டு, "யாருக்குட்டி இம்புட்டு? பந்தியா வைக்கப்போற?" என்றாள். உரித்துக்கொண்டே இருந்தேன். ஏன் என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை.

மூன்று மணிக்கு மறுபடி திறந்தேன். வெள்ளைப் பக்கம் சும்மா வராது. காரணத்தை உள்ளே ஒரு கோப்பில் அது பாட்டுக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. திறந்து பார்க்கிற தைரியம்தான் வேண்டும். பார்த்தேன். நாற்பத்தோராம் வரியில் ஒரு அடைப்புக்குறி மூடவில்லை. மூடினேன், பக்கம் வந்தது. மொத்தம் இரண்டு நிமிஷம்.

இரண்டு நிமிஷம்தான். இதை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால்.

இரவு வெங்காயச் சாம்பார், வெங்காயத் துவையல், வெங்காய ஊத்தப்பம்.

அக்டோபர் 10, வியாழன் மத்தியானம்

எல்லாம் முடிந்தது. நேற்று உட்கார்ந்து வரிகளை ஒழுங்காக அடுக்கிவைத்தேன், படிக்கிறவர்களுக்கு அழகாக இருக்க வேண்டுமே. எடுத்த தேதியைக் கேட்டுப் பார்த்தேன், சிவப்பில் சரியாகச் சொல்கிறது. ஒன்பது பக்கம் பிரிண்ட் எடுக்கச் சொல்லி அவரிடம் கொடுத்துவிட்டேன். முதல் காப்பியில் மை அப்பிக்கொண்டதாம், இரண்டாவது நன்றாக வந்ததாம். நல்லதைக் கொண்டுவருவார். கெட்டது பொரிப் பொட்டலத்துக்கு. நாளைக்கு ஆயுத பூஜை, கடைக்கு வருகிறவர்களுக்குப் பொரிகடலை கொடுக்க நாற்பது பொட்டலமாவது வேண்டும்.

நாளை மறுநாள் தேர்வு. எனக்குப் பயம் இல்லை. இன்றைக்கும் அரைக் கிலோ வெங்காயம் உரித்தது சாம்பாருக்குத்தான்.

அக்டோபர் 11, வெள்ளி

டைரி பூஜையில் இருக்கிறது. பேனாவும் பூஜையில். இதை நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறம் பென்சிலால் எழுதுகிறேன். சரஸ்வதி பூஜை அன்று எழுதக் கூடாது, படிக்கக் கூடாது. பென்சிலும் கிழித்த தாளும் கணக்கில் வராது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

நேற்று சாயங்காலம் நடந்தது இது. ஐந்தரை மணிக்கு அவர் கடையைக் கழுவிவிட்டு வந்து, "நானும் ஒரு தேதி போட்டுப் பாக்கட்டுமாட்டி?" என்று லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். தை மாதத்தில் யாருமே எடுக்காத ஒரு தேதியைத் தன் பெயரில் போட்டார். சிவப்பில் வந்தது: 'இந்தத் தேதி பதிவாகிவிட்டது.'

இன்னொரு தேதி போட்டார். அதற்கும் அதே பதில். காலியாகக் கிடக்கிற நாளுக்கெல்லாம் ஆள் இருக்கிறது என்று சாதிக்கிறது. நேற்று நான் எடுத்த தேதிகளை மட்டும் சோதித்தேனே தவிர, காலித் தேதி ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

நான் நாற்காலியை இழுப்பதற்குள் அத்தை வந்துவிட்டாள். குளித்து, ஈரத் தலையில் துண்டு சுற்றி, கையில் சந்தனக் கிண்ணம்.

"ஏட்டி, நேரமாச்சு. ஏடு அடுக்கணும். அந்தப் பெட்டிய எடு."

"அத்தை, இத விட்டுருங்க. நாளான்னைக்கு இதத்தான் கொண்டுபோணும். ஒரு சின்னத் தப்பு இருக்கு, சரிபண்ணிட்டுத் தாரேன்."

"படிப்புச் சாமான பூஜைல வைக்காம எப்படிட்டி? சாமி கோவிச்சுக்கிடும். மறுபூஜை முடிஞ்சு விடியக்காலம் தந்துருதேன்."

சொல்லிக்கொண்டே மூடி எடுத்துப்போய்விட்டாள். பிரிண்ட், டைரி, எல்லாவற்றையும் அடுக்கி, மேலே பட்டுத் துண்டு விரித்தாள். எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ.

"இந்த வீட்ல எப்பவும் இப்படித்தான்! அன்னைக்கும் என்னைய வேலைக்குப் போக விடல, இன்னைக்கும் விடமாட்டீங்க!" என்று கத்திவிட்டேன்.

அத்தை சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, பாத்தியா? பன்னெண்டு வருசமாக் கேக்கேன், அந்தப் புள்ளைய எதுக்குல தடுத்தேன்னு. சம்பந்தார் முகத்துல என்னால முழிக்க முடியல. நீ செஞ்ச பாவம் தீரணும்னுதாம்ல அந்தப் பெட்டிய சாமிட்ட வைக்கேன்."

அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"ஆமாம்மா. நான்தான் தடுத்தேன். விடு" என்றார்.

இப்போது எழுதித்தான் ஆக வேண்டும், தாள் சின்னதாக இருந்தாலும்.

அவர் என்னைத் தடுக்கவே இல்லை. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு சென்னையில் ஒரு பெரிய கூட்டம். வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் நான் எழுதிய பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். திறந்தேன், வெள்ளையாக வந்தது. மேனேஜர், "வடிவு மேடம் நல்லா சமைப்பாங்க, அதையாவது காட்டச் சொல்லுவோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கோயம்பேட்டில் பஸ் ஏறிவிட்டேன். அப்பாவிடம் என்ன சொல்வது? மாப்பிள்ளை வீட்டில் வேலைக்குப் போக வேண்டாம் என்கிறார்கள் என்று சொன்னேன். அன்றைக்கே அவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லி அழுதேன். "சரி, அப்படியே இருக்கட்டும், என் பேரச் சொல்லிக்கோ" என்றார். அதுவரைக்கும் நாங்கள் இரண்டு முறைதான் பேசியிருந்தோம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கோணல் என்று காட்டியது ஒரு மனுஷனை. அவர் பன்னிரண்டு வருஷம் கோணலாகவே நின்றுகொடுத்தார். கொஞ்ச நாளில் அதை நானே நம்பத் தொடங்கிவிட்டேன் போல. இல்லாவிட்டால் நேற்று அந்த வார்த்தை வருமா?

(அடுத்த தாள்.)

காலையில் கடையில் பூஜை. ஜெராக்ஸ் மெஷினுக்கு மாலை, பொட்டு. பொட்டலங்களை நான்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறாவது பொட்டலத்தில் என் எழுத்து! மை அப்பிய காப்பி. நான் எழுதிய ஏழாம் பக்கம் சுருண்டு பொரியைத் தாங்கிக்கொண்டிருந்தது.

தேதி சரிபார்க்கும் பகுதி நான்காம் பக்கத்தில் இருக்கிறது. பொட்டலத்தைப் படிப்பதில் தோஷம் இல்லை. வடை தின்றுவிட்டு இந்த ஊரே அதைத்தான் செய்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்து அண்டாவில் கொட்டினேன். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, பக்கத்தில் வந்து தானும் பிரிக்கத் தொடங்கினார். எட்டுப் பக்கம் கிடைத்தது. நான்காவதை மட்டும் காணோம்.

எதிர்க்கடை டெய்லர் அண்ணாச்சி வாசலில் நின்று பொரி மென்றுகொண்டிருந்தார். ஓடினேன்.

"அண்ணாச்சி, அந்தப் பேப்பரக் குடுங்க."

"ஏம்மா, பொரி இன்னும் இருக்கே."

"பொரிய நீங்க வச்சுக்கோங்க, பேப்பர் எனக்கு வேணும்."

பொரியை மடியில் கட்டிக்கொண்டு தாளைக் கொடுத்தார். வெல்லம் ஒட்டியிருந்தது. அங்கேயே நின்று படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது தெரிந்துவிட்டது. அழகுபடுத்துகிறேன் என்று வரிகளை மாற்றி அடுக்கியபோது, பதிவு செய்யும் பகுதி மேலே போய்விட்டது, ஆள் இருக்கிறதா என்று பார்க்கும் பகுதி கீழே வந்துவிட்டது. முதலில் எழுதிவிடுகிறது. பிறகு பார்க்கிறது, தான் எழுதியதையே பார்த்து, ஆள் இருக்கிறது என்கிறது. பஸ் ஜன்னல் வழியாகத் தானே துண்டைப் போட்டுவிட்டு, உள்ளே ஏறி வந்து, எவனோ இடம் பிடித்துவிட்டான் என்று நின்றுகொண்டே வருகிற ஆள் மாதிரி.

சிரிப்பு வந்தது. அப்புறம் அந்த ஆள் நான்தான் என்று உறைத்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

கடைக்குத் திரும்பியதும், "கெடச்சுட்டா?" என்று அவர் கேட்டார்.

"கெடச்சுட்டு" என்றேன். நேற்றுக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பொரி வாங்க ஆள் வந்துவிட்டது.

அக்டோபர் 12, சனி

விடியற்காலம் மறுபூஜை. அத்தை கற்பூரம் காட்டி, முதல் வேலையாக லேப்டாப்பை எடுத்து என் கையில் கொடுத்தாள். மூடியின் நடுவில் சந்தனப் பொட்டு, குங்குமம்.

"தொடைக்காதட்டி. அப்படியே கொண்டு போ. எம் மவன் பண்ணதுக்கு நீ மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத" என்றாள். சொல்லியிருக்க வேண்டியது அப்போதுதான். சொல்லவில்லை.

ஐந்து வரியைக் கீழே இறக்கினேன். காலித் தேதி, எடுத்த தேதி, இல்லாத தேதி எல்லாம் சோதித்தேன். சரியாக இருந்தது.

பெருமாள்புரம். ஜெபசிங் சாரும் அவருடைய கூட்டாளி ஒரு அம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். பொட்டைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். சர்வர் பச்சை. பக்கம் வந்தது. அந்த அம்மாள் இரண்டு தேதி போட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

"சரிம்மா. ஒரே நாள்ல காலைல ஒரு கல்யாணம், சாயங்காலம் ஒரு ரிசப்ஷன். ரெண்டுக்கும் எடம் குடுக்கணும். மாத்துங்க பாப்போம்" என்றார் ஜெபசிங்.

மாற்றினேன். பொத்தானை அழுத்தினேன்.

வெள்ளை.

ஒளிக்காமல் எழுதுகிறேன், பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கதவு எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்த்துவிட்டேன். அப்புறம், "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லி அந்தக் கோப்பைத் திறந்தேன். ஐம்பத்தெட்டாம் வரி. சரி செய்தேன். பக்கம் வந்தது. காலைக்கு ஒரு கல்யாணம், மாலைக்கு ஒரு ரிசப்ஷன், மூன்றாவதாக வந்தவருக்கு இடமில்லை.

ஜெபசிங் என் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"பன்னெண்டு வருஷம் வேலைக்கே போகலியே. ஏன், வீட்ல விடலையா?"

எவ்வளவு சுலபமான பதில்! அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும்.

"இல்ல சார். வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லல. இதே மாதிரி ஒரு கூட்டத்துல பக்கம் வெள்ளையா வந்துச்சு. சிரிச்சாங்க. நான் ஓடி வந்துட்டேன். பழிய வீட்டுக்காரர் மேல போட்டேன்."

கூட்டாளி அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கு எதனால வெள்ளையா வந்துச்சு?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியாதும்மா. பாக்கவே இல்ல."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெபசிங் விண்ணப்பத்தை மூடினார். "திங்கக்கெழமை ஒன்பதரைக்கு வந்துருங்க. இந்தப் பொட்டெல்லாம் இருக்கட்டும், ஆனா இங்க ஆயுத பூஜைக்கு சர்வர நிறுத்தமாட்டோம், பாத்துக்கோங்க" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் அவர் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், ஆனாலும் கேட்கவில்லை, ஹெல்மெட்டை நீட்டினார். நான் வாங்கவில்லை. போனை எடுத்து வீட்டுக்கு அடித்தேன்.

"அத்தை, வேலை கெடச்சுட்டு. அதில்ல, நான் சொல்லுதத நல்லாக் கேளுங்க. அன்னைக்கு உங்க மவன் என்னையத் தடுக்கவே இல்ல. நான்தான் பயந்து ஓடிவந்தேன். அவுக பேரச் சொல்லிக்கிட்டேன். முந்தாநேத்து உங்களக் கத்துனதும் பொய்தான். மன்னிச்சிருங்க அத்தை."

"ஏட்டி, எதுக்குட்டி இப்போ?" என்று அவர் போனைப் பிடுங்கப் பார்த்தார்.

நான் தள்ளிப்போய் நின்றுகொண்டேன். பிறகு அத்தையின் குரல் உடைந்து வந்தது. "அவன்ட்ட போனக் குடு."

கொடுத்தேன். அவர் காதில் வைத்துக் கேட்டார். கேட்கக் கேட்க முகம் ஒரு மாதிரி ஆயிற்று. வேப்பமரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எம்மா, எம்மா, இங்கன டவர் கெடைக்கலம்மா. நீ பேசுதது ஒண்ணும் கேக்கல. வீட்டுக்கு வாரோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போனை வாங்கிப் பார்த்தேன். டவர் நான்கு கோடும் முழுசாக இருந்தது.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அக்கா கூப்பிடுவாள். ஸ்பீக்கரில் போட்டு, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசப்போகிறேன்.